மரம் கயிற்றில் இருக்கும்போது

ஐயா,

மலபார் கல்லாயிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தது. மரம் வாங்கி முடித்துவிட்டாய், வேகன் கிடைத்ததும் புறப்படுவாய், திங்கட்கிழமை காலையில் கிடங்கில் இருப்பாய் என்று படித்ததில் சந்தோஷம். பொன்மணிக்கு எடுத்த புடவையின் நிறத்தை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், மரத்தின் சுற்றளவை இரண்டு வரியில் முடித்துவிட்டாய். கல்யாண மாப்பிள்ளை அப்படித்தான் எழுதுவான், எழுதிக்கொள். கடைசிப் பக்கத்தில்தான், 'கல்யாணம் முடிந்ததும் மாமாவை இங்கேயே வரவழைத்துவிடலாம் அம்மா. எண்ணூர்ப் பக்கம் அறுவை மில் போட்டால் என் ஒருவனால் இரண்டு இடத்தையும் கவனிக்க முடியாது. மேஸ்திரி பாட்டுக்கு இருக்கட்டும். மாமா அவருக்கு மேலே சும்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும். நம் ரத்தம், நம்பிக்கையான ஆள்' என்று எழுதியிருக்கிறாய்.

அந்த 'சும்மா பார்த்துக்கொள்ளட்டும்' என்பதை நான்கு தடவை படித்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை, இதே மனிதனுக்காக, உன் அப்பாவிடம் நான் சொன்னேன். அதனால் ஒருவனுக்குக் கால் போயிற்று, இன்னொருவனுக்குப் பெயர் போயிற்று. உனக்குத் தெரிந்த கதை வேறு. அதை உனக்குச் சொன்னவளும் நான்தான். இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் ஓர் இடத்துக்குப் போய்விட்டு வந்து, கை கால் கழுவிவிட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன். எக்ஸ்பிரஸில் போட்டால் வெள்ளிக்குள் உன் கையில் கிடைக்கும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, கிடங்கில் எல்லார் முன்னாலும் நீ உரக்கப் படித்தாலும் எனக்குச் சம்மதமே. பொன்மணியை நீ கட்டுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகள் என் வீட்டுக்கு வருவது எனக்குக் கசக்குமா? அவளோடு சேர்த்து அவள் அப்பனுக்கு நீ கொடுக்கப்போகும் நாற்காலிதான் எனக்குப் பயம்.

உன் அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் இந்த மரக் கிடங்கைப் போட்டபோது, ஆள் வைப்பதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆபீஸில் கணக்கப்பிள்ளை, கிடங்கில் மாசிலாமணி மேஸ்திரி, அவருக்குக் கீழே எட்டு ஆட்கள். அந்த எட்டுப் பேரிடம் உன் அப்பா நேராக ஒரு வேலை சொல்லி நான் பார்த்ததில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "மேஸ்திரி, யாரையாவது தண்ணி கொண்டுவரச் சொல்லும்" என்பார். பக்கத்திலேயே பானையும் ஆளும் இருப்பார்கள். நான் கேலி செய்வேன், "தண்ணிக்குக்கூடத் தூது விடணுமா?" என்று. "இன்னைக்குத் தண்ணின்னு நேராக் கேட்டா நாளைக்கு மரத்தை நேராச் சொல்லத் தோணும். ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி நிக்காது" என்பார். மாசிலாமணி, முகத்துவாரக்குப்பத்துக் கடல்காரர் வீட்டுப் பிள்ளை. படகைக் கரையேற்றக் குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. அந்தக் குரலுக்காகவே அப்பா அவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்.

மரம் ஏற்றுவதை நீ எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய், ஆனால் எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்திருக்கமாட்டாய். அடுக்கின்மேல் இரண்டு சாய்வு மரங்களைச் சாத்தி, உருட்டவேண்டிய மரத்தின் இரண்டு முனையிலும் கயிறு சுற்றி, அடுக்கின் உச்சியில் நின்று இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் இழுக்கிறார்கள். மேஸ்திரி குரல் கொடுத்தால் எட்டு முதுகும் ஒன்றாக வளைய வேண்டும், குரல் நின்றால் எட்டும் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கிற அந்த நேரத்தில், எட்டுப் பேரில் ஒருவன் தன் கயிற்றைப் பக்கத்து ஆளிடம் விட்டு இறங்கி ஓடி, மரம் பின்னால் உருளாதபடி அடியில் முட்டுக்கட்டை வைப்பான். அவன் குனிந்திருக்கும்போது வேறொரு குரல் எழும்பினால் அவ்வளவுதான். ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் நிற்கும், மரம் கோணிக்கொள்ளும். அதனால்தான் மரம் கயிற்றில் ஏறியதும் உன் அப்பா இடுப்பிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அடக்கிக்கொள்வார். மெல்லமாட்டார். மரம் அடுக்கில் போய் உட்கார்ந்த பிறகுதான் மெல்லுவார். முதலாளிக்கு வாய் அரிக்கும், அதற்கு ஒரு பூட்டு வேண்டும் என்பார். எனக்கு அது ஏதோ கிறுக்குத்தனம் என்றுதான் தோன்றியது.

யுத்தம் முடிந்து பர்மா மரம் மறுபடியும் வரத் தொடங்கிய சமயம், உன் மாமா செல்லத்துரை ஊரிலிருந்து வந்து நின்றான். அவன் வைத்த கடை நடக்கவில்லை. தாயில்லாத பிள்ளையாக நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன், வாசலில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றால் எனக்கு எப்படியிருக்கும்? "இவனுக்கு ஒரு இடம் பாருங்க" என்றேன். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார் அப்பா. மரமும் தெரியாது, கணக்கும் அரைகுறை. "வேலை கத்துக்கிடட்டும். மாசிலாமணிக்குக் கீழே கயிறு பிடிக்கட்டும்" என்றார். முதலாளி மச்சினன் கயிறு பிடிப்பதா! நான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் அப்பா தோற்றுப்போனார். "சரி, என்னதான் செய்யச் சொல்லுத?" என்று கேட்டபோது நான் சொன்னேன், "சும்மா பாத்துக்கிடட்டுமே. நம்ம ஆளு ஒருத்தன் இருந்தா நல்லதுதானே?" என்று.

ஐயா, 'சும்மா பார்த்துக்கொள்' என்பதைப் போல ஒரு கெட்ட உத்தியோகம் கிடையாது. அதற்குப் பெயர் இல்லை, எல்லை இல்லை, தப்பு நடந்தால் பிடித்துக் கேட்க ஒரு நுனி இல்லை. பார்த்துக்கொண்டிருப்பவன் ஏதாவது குற்றம் கண்டுபிடித்தால்தானே தானும் வேலை செய்ததாக அவனுக்கே ஒரு திருப்தி வரும்! நம் தெற்கத்தி வீடுகளின் பழக்கம் உனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்த ஆட்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், உள்ளூர் ஆட்கள் கிடங்கில் தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். உள்ளே சாப்பிடுகிறவனுக்கு வெளியே சாப்பிடுகிறவன் பயப்படுவான். செல்லத்துரை ஒரு வார்த்தை அதட்டாமலேயே எட்டுப் பேரும் அவன் முகத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். மத்தியானம் சோறு போடும்போது நான் கேட்பேன், "இன்னைக்கு எவன் லேட்டு? மேஸ்திரி எங்கே போனாரு?" என்று. அவன் சொல்லுவான். நான் பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

அதோடு நின்றதா? இல்லை. மேஸ்திரி இல்லை என்று சொன்னதை, கிடங்கை ஒட்டிய நம் வீட்டு அடுப்படி வாசலில் வந்து கேட்டால் கிடைக்கும் என்று ஆட்கள் கண்டுகொண்டார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காதுகுத்து என்று ஒவ்வொருவராக வந்து, "ம்மா, நீ ஒரு வார்த்த சொன்னா போதும்மா" என்று நிற்பார்கள். நான் லீவு கொடுப்பேன். தயாளம் என்று நினைத்துக் கொடுத்தேன். மாசிலாமணி ஒருநாள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்று, "ம்மா, தப்பா நெனைக்காத. ஆள நீ அனுப்பினா அனுப்பு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பு. எத்தினி முதுகு கீதுன்னு எனக்குத் தெரியணும்ல?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. 'இவனிடம் நான் சொல்ல வேண்டுமா?' என்று மனசுக்குள் நினைத்தேன். நினைத்ததை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்பா மரம் பார்க்க மலபார் போயிருந்த வாரம் அது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். முந்தின நாள் சாயந்தரம் இரண்டு ஆட்களுக்கு அடுப்படி வாசலில் நான் லீவு கொடுத்திருந்தேன், மேஸ்திரியிடம் சொல்லவில்லை. காலையில் எட்டுக்கு ஆறு பேர்தான். கிடந்ததோ பெரிய மரம். மாசிலாமணி, செல்லத்துரையிடம் சொல்லி அனுப்பினார், இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு ஏற்றலாம் என்று. தம்பி அடுப்படிக்கு வந்தான். "யக்கா, அத்தான் வரும்போது கிடங்கு ஒழிஞ்சு சுத்தமா இருந்தா நல்லாருக்கும். இவரு என்னடான்னா சாக்குச் சொல்லுதாரு" என்றான். நான் தாளித்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "இருக்கிற ஆளை வச்சு ஏத்தச் சொல்லு" என்றேன். ஐந்து வார்த்தை. அந்த ஐந்து வார்த்தை சொல்ல எனக்கு என்ன அதிகாரம் இருந்தது? மரத்தின் எடை தெரியுமா? கயிறு தெரியுமா? முதலாளி பெண்டாட்டி என்பதுதான் தெரியும்.

மாசிலாமணி ஆட்களை மூன்று பேர் மூன்று பேராகப் பிரித்து நிறுத்தினார். ஆள் குறைவு என்பதால் மரம் கால்வாசி சுற்று உருளும்போதெல்லாம் நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, முட்டு வைத்து, மறுபடி குரல் கொடுத்தார். அடுப்படி ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. மரம் பாதி ஏறிவிட்டது. குரல் நின்றது. இடப்பக்கம் கயிறு பிடித்த நாதமுனி கயிற்றைப் பக்கத்து ஆளிடம் விட்டு இறங்கி, முட்டுக்கட்டையோடு குனிந்தான். மாசிலாமணி கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். எனக்கே, 'ஏன் இப்படி நின்றுகொண்டே இருக்கிறார்கள்?' என்று பொறுமை போனது. அந்த நேரத்தில்தான் செல்லத்துரை இரண்டு கையையும் தட்டி, "என்னல பாத்துக்கிட்டு நிக்கிய? இழுங்கல!" என்று கத்தினான்.

வலப்பக்கம் மூன்று பேரும் இழுத்தார்கள். இழுக்காமல் என்ன செய்வார்கள், வீட்டு ஆள் குரல் அல்லவா? இடப்பக்கம் இருந்த இரண்டு பேர் மாசிலாமணியின் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். மரம் கோணியது. மாசிலாமணி "வுடாத! வுடாத!" என்று அலறிக்கொண்டு ஓடியது தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. நாதமுனியின் வலது கால் முழங்காலுக்குக் கீழே மரத்தடியில் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும், உன் மாமா ஓடிப்போகவில்லை. கடப்பாரை போட்டு மரத்தை நெம்பியதில் அவன் கையும் கிழிந்தது. நாதமுனியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று அழுதபடி வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லாமல் அங்கே நிறுத்திய நான்தான் அவனைக் கெடுத்தேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். தந்தி கிடைத்து அப்பா அன்று விடியற்காலைதான் வந்து சேர்ந்திருந்தார். கிடங்கில் பெஞ்சு போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கேள்வி ஒன்றுதான்: இழுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தது யார்? ஆட்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கொரலு கேட்டுது சார், இழுத்தோம்" என்றார்கள். யார் குரல் என்று ஒருவனும் சொல்லவில்லை. நாளைக்கும் அவர்களுக்கு வேலை வேண்டும், சாப்பாடு வேண்டும். மாசிலாமணி, செல்லத்துரையைக் காட்டி, "நான் குடுக்கல. சின்ன மொதலாளி குடுத்தாரு" என்றார். செல்லத்துரை, "நான் இல்லை" என்றான். அதிகாரி ஜன்னலைப் பார்த்தார். "அங்கேயிருந்து பார்த்தால் தெரியுமே? வீட்டில் யார் இருந்தது?" என்று கேட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன். ஒரு பக்கம் மாசிலாமணி, ஒரு பக்கம் செல்லத்துரை. என் தம்பியின் உதடு, சின்ன வயதில் ஜுரம் வந்தால் துடிக்குமே, அப்படித் துடித்துக்கொண்டிருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். எனக்கு ஆடியது. "மேஸ்திரி குரல்தான் கேட்டது" என்று சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். முதலாளி சம்சாரம், கண்ணால் பார்த்த சாட்சி, வேறென்ன வேண்டும்? உன் அப்பாவை ஒரு தடவை பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. மாசிலாமணி கை தூக்கி நிற்கும்போது குரல் கொடுக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் அவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று அவர் வாயில் வெற்றிலை இல்லை, ஐயா. எனக்காகத்தான் பேசாமல் இருந்தார். எத்தனையோ பேருக்காக வாயைப் பூட்டிய மனிதன், பேச வேண்டிய அந்த ஒரு நாளிலும் பூட்டிக்கொண்டார்.

மாசிலாமணி சண்டை போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். "சரிம்மா. நீ சொன்னா எழுதிக்குவாங்க. ஆனா என் கொரலு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரவேயில்லை. வேறு கிடங்குகளில் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஆளைக் காவு கொடுத்த குரலுக்கு எவனும் முதுகை வளைக்கமாட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கடைசியில் கடலுக்கே போய்விட்டார். நாதமுனியை உன் அப்பா கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார். நீ காலேஜ் போகும்போதும் வரும்போதும் கேட்டைத் திறந்துவிட்டானே, அவன்தான். 'மேஸ்திரி அவசரப்பட்டதால் கால் போனது' என்று நான் சொல்லித்தான் நீ நம்பினாய். செல்லத்துரையை அந்த மாதமே ஊருக்கு அனுப்பிவிட்டோம். அதன் பிறகு உன் அப்பா சாகும்வரை வெற்றிலை தொடவில்லை. வயிற்றுக்கு ஆகவில்லை என்று வந்தவர்களிடம் சொல்லுவார். அவர் பக்கத்தில் நான் அத்தனை வருஷமும் சோறு பரிமாறினேன். ஒரு நாள்கூட அதைப் பற்றி அவர் என்னைக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

இப்போது சொல், நீ போடப்போகும் மில்லில் மரத்தை இழுப்பது கயிறா? மின்சாரத்தில் சுற்றும் வாள். நாற்பது ஐம்பது பேர் நிற்பார்கள். அங்கே ஒருவன் 'நிறுத்து' என்றால் நிற்க வேண்டும், இன்னொருவன் 'ஓட்டு' என்றால்? உன் மாமனார் மேஸ்திரிக்கு மேலேயா கீழேயா என்று எந்த ஆளுக்காவது தெரியுமா? கல்யாணப் பந்தலில் நீ அவன் காலில் விழுவதைப் பார்த்த ஆட்கள், மறுநாள் கிடங்கில் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? மேஸ்திரியையா? மாமா வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும். அறுத்த பலகையின் இருப்பைப் பார்க்கிறது அவன் வேலை, கணக்கப்பிள்ளையிடம்தான் பதில் சொல்ல வேண்டும், மரம் இழுக்கிற இடத்தில் அவனுக்குக் குரல் கிடையாது என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி வரவழை. அது அவனுக்குக் கௌரவக் குறைச்சல் என்றால் அவன் ஊரிலேயே இருக்கட்டும். ரத்தம் நம்பிக்கைக்கு ஆகும். வேலைக்கு வேலைதான் தெரிய வேண்டும். அடுப்படி வாசலையும் அடைத்துவிடு. நாளைக்குப் பொன்மணியிடம் எவனாவது வந்து லீவு கேட்டால், 'மேஸ்திரியைக் கேளுங்க' என்று சொல்ல அவளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடு. எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன், ஆனால் மாசிலாமணி வந்து சொன்னாரே.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே வாசலுக்குப் போனேன். நாதமுனி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பத்து வருஷமாக இந்த வாசலைத் தலை குனிந்துதான் கடந்திருக்கிறேன். "நாதமுனி, அன்னைக்குக் குரல் கொடுத்தது மேஸ்திரி இல்லை. நான் பொய் சொன்னேன்" என்றேன். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், வேண்டாம் என்றேன். கட்டைக்காலைத் தடவிக்கொண்டே, "எனக்குக் காலுதானே போச்சி, காது போவலியேம்மா" என்றான். எல்லாம் தெரிந்தும் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான்! "ஏன்டா சொல்லலே?" என்று கேட்டேன். "சொன்னா இந்த ஸ்டூலும் பூடும். நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றான்.

இன்று காலையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் வெற்றிலை பாக்கையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு முகத்துவாரக்குப்பம் போனேன். புருஷன் இல்லாதவள் பத்திரிகையும் வெற்றிலையுமாகப் போகலாமா என்று நம் ஆட்கள் கேட்பார்கள், கேட்கட்டும். குங்குமம் எடுக்கவில்லை. நான் போன நேரம், கரையில் படகை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்துவிட்டது, உடம்பு வற்றிவிட்டது, ஆனால் குரல் அதே குரல். மாசிலாமணிதான் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு வாய் துறுதுறுத்தது, 'மேஸ்திரி' என்று கூப்பிட்டுவிடுவேன் போல இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் தோளில் படகு இருக்கிறது. பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் அடக்கிக்கொண்டேன். உன் அப்பா போன பிறகு நான் வெற்றிலை வாயில் வைத்தது அப்போதுதான். படகு மேட்டில் ஏறி உட்காரும்வரை மணலில் அப்படியே நின்றேன். அவர் அதையும் பார்த்தார்.

வந்து, "இன்னாம்மா, இம்மாந் தூரம்?" என்று கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கால்களில் விழப்போனேன், பின்னால் நகர்ந்துகொண்டார். "இத்த எங்கிட்ட வந்து சொல்றியே, எனக்குத் தெரியாதா? கயிறு புடிச்சிகினு இருந்த அந்த அஞ்சு பேருக்கும் தெரியும். தெரிஞ்சிகினே தலைய தொங்கப் போட்டுகினு நின்னானுங்களே, அதான் இன்னும் வலிக்கிது. கெடங்குல வெச்சி பொய் சொன்ன, கெடங்குல வெச்சி நெசத்தச் சொல்லு. ஆளுங்க முன்னாடி சொல்லு" என்றார். பத்திரிகையை நீட்டினேன். "அப்பால குடு, வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது என் பையில்தான் திரும்பி வந்திருக்கிறது.

அதனால் திங்கட்கிழமை காலையில், வேலை தொடங்கும் முன், கிடங்கில் எல்லா ஆட்களையும் நிறுத்தச் சொல்லி இப்போதிருக்கும் மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறேன். கவனி, அவரைத்தான் கேட்டேன். மாசிலாமணிக்கு ஆள் அனுப்பியாயிற்று, வருகிறேன் என்றிருக்கிறார். அன்று கயிறு பிடித்திருந்த ஐந்து பேரில் இன்னும் நாலு பேர் நம்மிடம் இருக்கிறார்கள். நாதமுனி இருப்பான். செல்லத்துரைக்கும் எழுதிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர், உன்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன், நீ இல்லாத இடத்தில் பேசமாட்டேன் என்று. அவன் கோபித்துக்கொண்டு பெண்ணைக் கொடுக்கமாட்டேன் என்று சொன்னாலும் சொல்லலாம். அந்தப் பழியை என்மேல் போட்டுவிடு, உன் கோபத்தையும் என்மேல் காட்டு, நான் தாங்கிக்கொள்வேன். இன்னொரு மனிதன் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தாங்க எனக்கு இனி பலம் இல்லை.

திங்கட்கிழமை நீ ரயிலை விட்டு இறங்கி வரும்போது நான் பேச ஆரம்பித்திருந்தாலும் இருப்பேன். உன் மாமா தலை குனிந்து நிற்பதைப் பார்த்தால் உனக்கு மனசு பொறுக்காது. நான் அழுதால் அதுவும் பொறுக்காது. 'போதும் அம்மா' என்று குறுக்கே வரத் தோன்றும். வராதே. கேட்டருகே நாதமுனியிடம் வெற்றிலை கொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே வா.

உன் அம்மா